முப்பதாம் திகதி மதம் மாறும் மரம்

எசன், ஜெர்மனி
16.12.2025

அன்பின் பிளோறன்சுக்கு,

உம்முடைய அந்தோனியார் புண்ணியத்திலும் என்னுடைய பிள்ளையார் புண்ணியத்திலும் நான் நலம். நீரும் உமது அக்காவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை ஐங்கரனிடம் கொடுத்துவிடுகிறேன். அவர் நாளைக்குக் கொழும்புக்குப் பறக்கிறார். வெள்ளிக்கிழமை யாழ்ப்பாணம் போனதும் நேரே பாசையூருக்கு வந்து உமது கையிலேயே தருவதாகச் சொல்லியிருக்கிறார். நீர் விட்டுவிட்டுப் போன நீரிழிவுக் குளிசைகளும் அவரிடம்தான் இருக்கின்றன. வாங்கிக்கொள்ளும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர். போனில் நீர் பச்சை மிளகாய் என்ன விலை போகிறது என்று கேட்கிறீர், நான் சொல்கிறேன். மருமகன் தானியலின் பெயரை எடுத்தவுடன் லைன் கிளியர் இல்லை என்கிறீர். நீர் போன நாளிலிருந்து அந்த ஒரு பெயருக்கு மட்டும் லைன் கிளியர் இல்லை. கடிதத்தில் அந்தச் சாட்டுச் சொல்ல ஏலாது. கிழித்துப் போடலாம். ஆனால் வாசித்துவிட்டுத்தான் கிழிப்பீர், உம்மை எனக்குத் தெரியும்.

முதலில் வீட்டுப் புதினம். கறிவேப்பிலைச் சாடியை ஹீட்டருக்குக் கிட்ட வைக்க வேண்டாம் என்று நீர் சொல்லிப் போனதை மறந்துவிட்டேன், பாதி இலை கொட்டிவிட்டது. மிச்சத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். கடையில் வியாபாரம் குறைவில்லை. நத்தார் கிட்டுவதால் பயற்றம்மாவும் ஏலக்காயும் வைக்க வைக்கப் போகிறது. சனம் அக்கா எங்கே என்று கேட்கிறது. முழங்கால் வருத்தம் என்று சொன்னேன். உமது அக்காவின் முழங்கால் என்று விளங்காமல் இரண்டு பேர் உமக்கென்று பூச்சு எண்ணெய் கொண்டுவந்து தந்துவிட்டார்கள். திருப்பிக் கொடுக்கவில்லை, வைத்திருக்கிறேன்.

முழங்காலைப் பற்றியும் வெளிப்படையாக எழுதிவிடுகிறேன். எங்கள் பிள்ளை நிலக்சியின் இரண்டாம் ஆண்டுப் பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் யாரோ உமக்குச் சொன்னார்கள், உங்கள் மருமகன் இப்போது ஒரு பெண்ணோடு திரிகிறான் என்று. அடுத்த கிழமை பாசையூரில் அக்காவின் முழங்கால் நோகத் தொடங்கியது. நான் டிக்கெட் எடுத்துத் தந்தேன், வாய் திறக்கவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் எங்கே போய் இருந்தால் மூச்சு விட ஏலுமோ அங்கே போய் இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆனால் நேற்றும் இன்றும் நடந்தவற்றை நான் ஒருவனாக வைத்திருக்க முடியாது.

நேற்றுத் திங்கட்கிழமை கடை பூட்டும் நேரம் தானியல் வந்தான். கையில் நிலக்சியின் பச்சைத் துணிப்பை. அதற்குள் அவர்களுடைய பித்தளை விளக்கு. ஞாயிற்றுக்கிழமையே ஹனுக்கா, அந்த யூத விளக்குப் பெருநாள், தொடங்கிவிட்டதாம். உம்முடைய பெருநாள் இருபத்தைந்தாம் திகதியில் ஆணி அடித்து வைத்தது. அவர்களுடையது எங்கள் விளக்கீடு மாதிரிச் சந்திரனோடு அலையும், ஒரு வருடம் நவம்பரில் நிற்கும், இன்னொரு வருடம் நத்தாரோடு வந்து முட்டும். முன்பு நிலக்சிதான் முற்கூட்டியே சொல்லுவாள், அப்பா இந்தமுறை கெதியா வருது, எண்ணெய் இறக்குங்கோ என்று. இப்போது விளக்கோடு ஆள் வந்து நின்ற பிறகுதான் எனக்குத் தெரிகிறது.

கடைக் கண்ணாடிக்குள் வைத்துக் கொளுத்தட்டோ மாமா என்று கேட்டான். தெருவால் போகிறவர்களுக்குத் தெரியத்தான் அந்த விளக்கை வைக்க வேண்டுமாம். உன்ரை அம்மா வீட்டு ஜன்னல் எங்கை போட்டுது என்று கேட்டேன். அவன் பையிலிருந்து விளக்கை வெளியே எடுத்தான். பிறகு சொன்னான், தன் தாய் ரயீசா அம்மா இந்த வருடம் விளக்கைப் பின்பக்கக் குசினிக்குள் கொண்டுபோய்விட்டா என்று. கீழ்த்தளத்து வீடு. தெருவால் போகிறவன் எல்லோரும் நல்லவன் இல்லை, யூத வீடு என்று கண்டால் கல் எறிகிறவனும் உண்டு. அவர்களுடைய கோயில் வாசலில் பொலிஸ் நிற்பதை நீரும் பார்த்திருக்கிறீர்.

அந்த ஜன்னலில் இப்போது என்ன நிற்கிறது தெரியுமோ? நான் வாங்கிக் கொடுத்த மர வளைவு விளக்கு.

உமக்குத் தெரிந்த கதைதான், ஆனாலும் எழுதிப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது. பிள்ளைகள் கலியாணப் பதிவு செய்த வருடம் சம்பந்தி வீட்டுக்கு முதன்முதலாக டிசம்பரில் போனோம். வெறுங்கையோடு போகக் கூடாது, அவர்களுடைய பெருநாளுக்குப் பொருந்தியதாகக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்து, மொத்தக் கடையில் ஜன்னலில் வைக்கும் மின்சார வளைவு விளக்கொன்று வாங்கினேன். வரிசையாக மெழுகுதிரி, அதனால் யூத விளக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். இந்த நாட்டில் ஒவ்வொரு கிறிஸ்தவ வீட்டு ஜன்னலிலும் அதுதான் எரிகிறது என்பது கவனத்தில் வரவில்லை. ரயீசா அம்மா அதைத் திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு, ஏழுதான் இருக்கு, எங்கடையில ஒன்பது, மிச்சம் ரெண்டையும் கொமிசனா எடுத்திட்டீங்களோ என்று கேட்டா. கீழே மரத்தில் செதுக்கியிருந்த சிறகு வைத்த சம்மனசுகளைக் கண்டதும் கதிரையில் இருந்து கண்ணீர் வரச் சிரித்தா. நிலக்சி வெட்கத்தில் மேசைக்குக் கீழே போகாத குறை. ஆனால் அந்த மனிசி அதை எறியவில்லை. தன்னுடைய விளக்குக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வருடமும் வைத்தா.

இந்த வருடம் பிழையான விளக்கு ஜன்னலில் நிற்கிறது, சரியான விளக்கு குசினிக்குள் நிற்கிறது. பிழையானது நின்றால் வீட்டுக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஒருவருக்கும் தெரியாதாம்.

ஊரில் சண்டைக் காலத்தில் விளக்கை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திய விளக்கீடுகள் எங்களுக்கும் இருந்தன. அதனால் நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. சம்பா அரிசி மூட்டைகளைத் தள்ளி, கண்ணாடி ஓரம் இடம் எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

நேற்று இரண்டாம் நாள். இரண்டு திரி, அவற்றைக் கொளுத்தி வைக்க இன்னொரு திரி. எட்டு நாளும் முடியும்போது எட்டுத் திரி சும்மா நின்று அழகு காட்ட, ஒன்பதாவது மட்டும் ஓடி ஓடி எல்லாவற்றையும் கொளுத்தும். எங்கள் கடை நிர்வாகமும் அப்படித்தான் என்று முன்பு நான் சொல்லப்போய் உம்மிடம் ஏச்சு வாங்கினேன். தானியல் மெதுவாகப் பாடினான். நடுவில் நிலக்சி ஓர் இடத்தில் எப்போதும் இராகத்தைப் பிழையாக இழுப்பாள், நினைவிருக்கும். அந்த இடம் வந்தபோது அவனும் பிழையாகவே இழுத்தான்.

நான் சும்மா நிற்கத் தெரியாதவன். கிட்ட இருந்த மீன் ரின் ஒன்றை எடுத்து, அந்த வெளிச்சத்தில் முடிவுத் திகதி பார்க்கப் போனேன். தானியல் என் கையைப் பிடித்தான். ஏலாது மாமா, இந்த வெளிச்சத்தில வேலை செய்யக் கூடாது, பாக்க மட்டும்தான் என்றான். உம்முடைய நத்தார் வெளிச்சத்தில் சமையல், பொதி கட்டல், சண்டை எல்லாம் நடக்கலாம். இவர்களுடைய வெளிச்சத்துக்கு முன்னால் ஒரு வேலையும் நடக்கக் கூடாதாம். சரியென்று அரிசி மூட்டையில் இருந்தேன். செத்தவீடு முடிந்த நாளிலிருந்து நான் ஒரு வேலையும் இல்லாமல் இருந்ததில்லை, பிளோறன்ஸ். நேற்றுத்தான் இருந்தேன். அழுதேன். உமக்கு மறைத்து என்ன பயன்?

பிறகுதான் அவன் சொன்னான். யூலியா என்று பெயர், அவன் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட வேலை செய்கிறவ. கலியாணம் கட்ட யோசிக்கிறம் மாமா, மாமி ஓம் எண்டால்தான் பதிவுக்கு நாள் கேட்டு டெர்மின் எடுப்பன் என்றான். எனக்குக் கோபம் வந்தது. உது என்ன அன்ட்ராக் படிவமோ, மாமி கையெழுத்து வைச்சு அனுப்ப, நீ முப்பத்தாறு வயசு ஆம்பிளை என்று சத்தம் போட்டேன். அவன் விளக்கைப் பார்த்துக்கொண்டு, கையெழுத்து வேண்டாம் மாமா, மாமி என்னோட ஒருக்காக் கதைச்சால் காணும் என்றான். எங்கள் பிள்ளை ஏசி ஏசிப் பழக்கிய தமிழ் அது. அந்தத் தமிழில் அவன் இதைச் சொல்லும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாரும்.

என் எண்ணத்தைக் கேட்டால் சொல்கிறேன். விருப்பமோ? இல்லை. நியாயமோ? ஓம். ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி மாதம் முழுக்க அவன் கதிரையில் நித்திரை கொண்டதை நீரும் கண்டீர். உமது செபமாலையைத் தன் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, நீர் கேட்கும்போதெல்லாம் எடுத்துத் தந்தவன். அப்படிப்பட்டவனை வாழ்நாள் முழுக்க எங்களுக்குத் துணையாக அழுதுகொண்டு இரு என்று கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை. உமக்கும் வராது. வாய் வராது என்று தெரிந்துதான் நீர் பாசையூருக்குப் போய்விட்டீர் என்று நான் நினைக்கிறேன். பிழையென்றால் ஏசி எழுதும்.

இனி இன்றைய கதை. காலையில் கடை திறந்து கொஞ்ச நேரத்தில் ரயீசா அம்மா ட்ராமில் வந்து இறங்கினா. பனிச் சப்பாத்தோடு நேரே மரக்கறித் தட்டுக்கு முன்னால் நின்று, என்னுடைய மரம் எங்கே என்று கேட்டா. கடையில் நின்ற சனம் முருங்கை மரத்தைக் கேட்கிறா என்று நினைத்தது.

அந்த மரத்துக்கு நீரும் அவவும் பட்ட பாடு எனக்கு மட்டும்தான் தெரியும். யூத வீட்டில் நத்தார் மரத்துக்குத் தாங்கி ஏன் இருக்கிறது என்று அந்த முதல் வருடம் நீர் கேட்டீர். அது நத்தார் மரமில்லை, புதுவருட மரம், தன் ஊர் ஒடேசாவில் சோவியத் காலத்தில் எல்லோரும் வைத்தது என்றா. மரம் அதே மரம், பந்து அதே பந்து, சிவப்பு அங்கி போட்ட தாடிக் கிழவனும் இருக்கிறான், ஆனால் நத்தார் இல்லையாம். நத்தார் முடிந்த பிறகு மரக்காரன் விற்காமல் விட்டுப்போகும் மரத்தை எடுத்துவருவா. இவ்வளவு கெட்டித்தனமான வியாபாரியை நான் எசனில் கண்டதில்லை என்று எனக்குச் சந்தோசம். உமக்கோ கண் கலங்கிவிட்டது. எறிஞ்ச மரத்தை ஏன் சம்பந்தி எடுக்கோணும், எங்கட மரத்தை எடுங்கோ என்றீர்.

சொன்ன பிறகுதான் சிக்கல் தொடங்கியது. ஜனவரி ஆறாம் திகதி மூவிராசாக்கள் திருநாள் வரை மரத்தை அசைக்க மாட்டேன் என்றீர் நீர். முப்பத்தோராம் திகதி இரவு மரம் இல்லாவிட்டால் அது மரமே இல்லை என்றா அவ. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று நிலக்சிதான் பேசி முடித்தாள். மரம் முப்பதாம் திகதி போகும், பாலன் குடில் உம்முடைய வீட்டிலேயே இருக்கும், நட்சத்திரத்தைக் கழற்றிவிட்டு அவவுடைய கண்ணாடிக் கூம்பைப் போட வேண்டும். மரத்தைத் துணியில் சுற்றி, தானியல் அடியையும் அவள் நுனியையும் பிடித்து, ட்ராமில் கொண்டுபோனார்கள். வண்டியில் யாரோ என்னவென்று கேட்டதற்கு, இது மதம் மாறப் போகுது என்று அவள் ஜெர்மனில் சொன்னாளாம். ரயீசா அம்மாவுக்கு ஜனவரி பதினாலில் பழைய கலண்டர்படி இன்னொரு பழைய புதுவருடம் வேறு இருக்கிறது. அதுவரை மரத்தை விடமாட்டா. அன்றைக்கு எங்கள் பொங்கல். ஆக அந்த மரம் ஒவ்வொரு வருடமும் மூன்று மதத்தைப் பார்த்துவிட்டு, ஓர் இலையும் இல்லாமல்தான் குப்பைக்குப் போனது.

போன வருடத்தை நினைக்கிறீரோ? இருபத்தைந்தாம் திகதியே ஹனுக்காவின் முதல் திரி. இரண்டும் ஒரே நாளில் வரப்போகிறது, ஒரே சமையல், ஒரே பாத்திரம் கழுவல் என்று எத்தனையோ வருடத்துக்கு முன்பே அவள் பார்த்து வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த நாள் வந்தது. நீர் பின்னேரமே லைட்டை நிறுத்திவிட்டுப் படுத்தீர். நான் பூட்டிய கடைக்குள் போய்ச் சாமான்களைத் திரும்ப அடுக்கினேன். இரண்டு பெருநாளும் எங்கள் வீட்டு வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போயின.

இன்று ரயீசா அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். இரண்டு வருடமாகத் தானும் மரம் வைக்கவில்லையாம். மரக்காரன் விட்டுப்போன மரங்கள் வழமைபோலக் கிடந்தன, எடுக்க மனம் வரவில்லையாம். பிளோறன்ஸ் வீட்டில நிக்காத மரம் என்ரை வீட்டுக்கு வராது என்றா. யூலியாவைப் பற்றி நான் மெல்லக் கேட்டேன். நல்ல பிள்ளை, சிரிக்கத் தெரியும், உருளைக்கிழங்குப் பொரியலுக்கு உங்கட சிவப்புச் சம்பலைத் தொட்டுத் தின்னத் தெரியாது, பழக்க வேண்டும் என்றா. பிறகு என் மேசையில் இருந்த நிலக்சியின் படத்தைத் தன் கையுறையால் துடைத்தா. புது மருமகள் வரலாம், ஆனா மரம் பிளோறன்ஸ் வீட்டிலயிருந்துதான் வரும், இதைப் பிளோறன்சுக்கு எழுதும் என்று சொல்லிவிட்டு, காசு கொடுத்து இஞ்சி வாங்கிக்கொண்டு போனா. வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை.

அதனால் மத்தியானம் நான் போய் மரம் வாங்கினேன். வாழ்க்கையில் முதல் தடவை. மரம் எடுப்பது உமதும் நிலக்சியுடையதுமான வேலையாகத்தான் இருந்தது. மரக்காரனோடு பேரம் பேசிய உற்சாகத்தில், அதே விலைக்கு ஆகப் பெரிய மரத்தைத் தா என்று கேட்டு வாங்கிவிட்டேன். வீட்டு முகட்டை நினைக்கவில்லை. அளந்து பார்த்தால் ஒரு கை நீளம் கூடிவிட்டது. சூட்டில் வைத்தால் கொட்டும் என்றபடியால் வலையோடு சேர்த்துக் குளிர் அறையில் படுக்க வைத்திருக்கிறேன், பாரை மீனுக்குப் பக்கத்தில். வந்து மணந்து பார்த்துவிட்டு நீர் ஏசப்போவது இப்போதே கேட்கிறது. ஏசும்.

அடியில் வெட்டுவதா, நுனியில் வெட்டுவதா என்று தெரியவில்லை. அடியில் வெட்டினால் கீழ்க் கொப்புகள் போய்விடும், குடில் வைக்க நிழல் இராது. நுனியில் வெட்டினால் நட்சத்திரம் நிற்காது. அவள் இருந்தால் ஒரு பார்வையில் சொல்லியிருப்பாள். தானியலைக் கேட்டேன், மாமியைக் கேளுங்கோ என்கிறான். ரயீசா அம்மாவைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவா. வெட்டாமல் வைத்திருக்கிறேன்.

இதை எழுதும்போது கடைக் கண்ணாடியில் மூன்று திரி எரிகிறது. தானியல் கொளுத்திவிட்டு இப்போதுதான் போனான். அந்த வெளிச்சத்தில் எழுதக் கூடாது என்றபடியால் மேலே டியூப் லைட்டைப் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். வெளியே ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போகிறா. இதுவரை கல் ஒன்றும் வரவில்லை.

நான் கேட்பதைக் கேட்டுவிடுகிறேன். வருகிற ஞாயிறு அவர்களுக்கு எட்டாம் திரி, உமக்கு நத்தார்வரை ஞாயிறுக்கொரு திரி கொளுத்தும் திருவருகைக்கால வளையத்தில் நாலாம் திரி. இரண்டும் ஒரே பின்னேரம் நிறைகின்றன. அந்த ஞாயிறுக்கு வாரும் என்பதுதான் என் முதல் விலை. கடிதம் கிடைத்து நீர் வெளிக்கிட்டு அதற்குள் வர ஏலாது என்று தெரியும். அப்படியென்றால் இருபத்துநாலாம் திகதி, நடுச்சாமப் பூசைக்கு. அதுவும் ஏலாதென்றால் முப்பதாம் திகதி, மரம் போகிற நாளைக்கு. மூவிராசாக்கள் திருநாள் என்றாலும் சரி. ரயீசா அம்மா பொறுத்துக்கொள்ளுவா, அவவுக்குப் பழைய புதுவருடம் இருக்கிறது. மரமும் குளிர் அறையில் அதுவரை தாங்கும். நான் பேரத்தில் இவ்வளவு கீழே ஒருவருக்கும் இறங்கியதில்லை என்பது உமக்குத் தெரியும். இதற்கும் கீழே இறங்க என்னால் ஏலாது.

அக்காவையும் கூட்டி வரலாம், இங்கே முழங்காலுக்கு இரண்டு போத்தல் எண்ணெய் இருக்கிறது. உம்முடைய அந்தோனியார் உம்மைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். காணாமல் போனதைக் கண்டெடுத்துத் தருகிறவர் என்று நீர்தான் சொல்லுவீர். எல்லாவற்றையும் நான் அவரிடம் கேட்கவில்லை. உம்மை மட்டும்தான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
அரிவாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்
உமது
உருத்திரமூர்த்தி

பி.கு: நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். உமது அலுமாரியில் அவளுடைய சட்டைகளுக்குக் கீழே. நான் திறக்கவில்லை.